எக்ஸ்பல்ஸா, வி-ஸ்ட்ரோமா: கொழிஞ்சாம்பாறையிலிருந்து காந்தலூர் வரை

எங்கள் பக்கத்தில் யாராவது "கொஞ்சம் உசரமான வண்டியா எடுக்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தால், பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. இன்னொன்று சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ். இரண்டுமே வாரநாளில் வேலைக்குப் போகவும் வாரக்கடைசியில் மலையேறவும் என்று சொல்லி விற்கப்படும் வண்டிகள். என்னிடம் இருப்பது எக்ஸ்பல்ஸ். என் மச்சான் வைத்திருப்பது வி-ஸ்ட்ரோம். அவரவர் வேலையைப் பொறுத்து சாவியை மாற்றிக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு எழுதும் ஒப்பீடாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் என் ரோடு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை பாலக்காடு டவுனில். மாமா வீடும் அவருடைய பூண்டுக் காடும் இடுக்கியில், காந்தலூருக்கு அப்பால். கேரளத்துக்குள்ளேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறோம் என்று பெயர். ஆனால் எங்களுக்குக் கிட்டத்து வழி தமிழ்நாட்டுக்குள்தான்: கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னாறு, மறையூர், காந்தலூர். நல்ல நாலுவழிச் சாலை, காட்டுச் சாலை, கொண்டை ஊசி வளைவு, எஸ்டேட் ஜீப் ரோடு, கடைசியில் ரோடு என்றே சொல்ல முடியாத ஒரு கல்லடுக்கு. எல்லாமே ஒரே நாளில் வரும்.

இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மனதில் லடாக் இருக்கும், அல்லது சூரியநெல்லிக்கு மேலே கொழுக்குமலை இருக்கும். கொழுக்குமலைக்கு ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். ஆக, கனவில் வரும் ரோட்டை ஒதுக்கிவிட்டு, சென்ற மாதம் உங்கள் டயர் உண்மையில் எங்கெல்லாம் உருண்டது என்று யோசித்துப் பாருங்கள். அதில் தார் எவ்வளவு, கல் எவ்வளவு? அந்தக் கல்லில் நீங்கள் மாதம் ஒரு முறை போகிறீர்களா, வாராவாரம் போகிறீர்களா? பின்னால் ஆள் உட்காருவாரா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

இப்போது எண்கள். எக்ஸ்பல்ஸ் 199.6 சிசி, 19 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து கியர். வி-ஸ்ட்ரோம் 249 சிசி, 26.5 குதிரைத்திறன், ஆறு கியர். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவுக்குச் சற்றுக் கீழே, வி-ஸ்ட்ரோம் 167. பேப்பரில் பார்த்தால் வி-ஸ்ட்ரோம் ஜெயித்த மாதிரி இருக்கும். பொள்ளாச்சி தாண்டி உடுமலை போகும் ரோட்டில் அது உண்மையும்கூட. எண்பதைத் தாண்டினாலே எக்ஸ்பல்ஸ் கால்வைக்கும் கம்பி வழியாக, ஹேண்டில் வழியாக, தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடும். தொண்ணூறில் லாரியை முந்த வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். மச்சானுடைய வண்டி நூறில் சத்தமில்லாமல் போகும். பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாலும், பையில் பத்துக் கிலோ சாமான் இருந்தாலும் முந்துவதற்கு ஒரு கியர் குறைத்தால் போதும்.

மலையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. உயரம் போகப் போகக் காற்று மெலியும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி என்ஜினில் குறையும். பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியானாலும் இதற்கு விலக்கு இல்லை. மூணாறு, காந்தலூர் உயரத்தில் எக்ஸ்பல்ஸ் பதினாறு குதிரையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தனியாகப் போனால் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு பேர், ஒரு மூட்டை என்றால் கொண்டை ஊசியில் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரும். வி-ஸ்ட்ரோமில் அதே வளைவை இரண்டாம் கியரில் எடுக்கலாம். மனைவியோடு மலைக்குப் போவதுதான் முக்கியக் காரணம் என்று யாராவது சொன்னால், நான் அதற்கு மேல் பேச்சை வளர்ப்பதே இல்லை.

ஆனால் குதிரைத்திறன் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, இந்த இரண்டு வண்டிகளையும் உண்மையில் பிரிப்பது சக்கரம். எக்ஸ்பல்ஸுக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. இரண்டும் கம்பி ஸ்போக், உள்ளே டியூப். வி-ஸ்ட்ரோமுக்கு முன்னால் 19, பின்னால் 17, அலாய், டியூப்லெஸ். வாங்கும்போது கவனிக்காமல் விட்டு, பிறகு வருஷக்கணக்காக அனுபவிக்கும் விஷயம் இதுதான்.

பெரிய முன்சக்கரம் கல்லில் ஏறி இறங்கும். சின்ன சக்கரம் அதே கல்லில் முட்டும். கீழாந்தூரைத் தாண்டி மாமாவின் காட்டுக்குப் போகும் கடைசித் துண்டில், மழை மண்ணை அரித்துக் கொண்டுபோய் முழங்கால் அளவுக்குக் கற்களை மட்டும் விட்டுவைத்திருக்கும். அதில் எக்ஸ்பல்ஸை எழுந்து நின்று, கையைத் தளர்வாக வைத்து, அது போகிற போக்கில் விட்டால் ஏறிவிடும். முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் அமுங்கும், அடி இடைவெளி 220 மில்லிமீட்டர், அடியில் உலோகத் தகடு இருக்கிறது. தட்டினால் 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வி-ஸ்ட்ரோமின் அடி இடைவெளி 205. சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் நன்றாகவே குறைவு. அதிலும் ஏறலாம், மச்சான் ஏறியிருக்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், வண்டி மேலே வரும்வரை அவர் ரிம்மைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரியும். அலாய் ரிம் வளைந்தாலோ விரிசல் விட்டாலோ மலையில் யாரும் தட்டிச் சரிசெய்ய மாட்டார்கள். ஸ்போக் ரிம் கொஞ்சம் வளைந்தாலும் வண்டி வீடு வந்து சேரும். வி-ஸ்ட்ரோம் எடுப்பவர்கள் ரோட்டை விட்டு இறங்கும் எண்ணம் இருந்தால், முதல் செலவாக என்ஜின் அடியில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டுவிடுங்கள்.

பஞ்சர் வந்தால் கதை தலைகீழ். வி-ஸ்ட்ரோமில் ஆணி ஏறினால் பிடுங்கி, டியூப்லெஸ் கிட்டிலிருந்து ஒரு திரியைச் செருகி, காற்றை அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். எக்ஸ்பல்ஸில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நடு ஸ்டாண்ட் கிடையாது. பக்க ஸ்டாண்டில் சாய்த்து, அடித்தகட்டுக்குக் கீழே கல்லோ கட்டையோ கொடுத்து, முன்சக்கரத்தைக் காற்றில் நிறுத்தி, அச்சை உருவி, லீவரால் டயரைப் பிரித்து, டியூபை எடுத்து, டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளைத் தேட வேண்டும். மறையூரில் ஒருமுறை பஞ்சர் கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, டியூப் கையில வெச்சிருக்கீங்களா? இருபத்தொண்ணு இங்க கெடைக்காதுங்க." வைத்திருந்தேன். அதன்பின் நான் எல்லாரிடமும் சொல்வது இது: எக்ஸ்பல்ஸ் வாங்கினால் ஒரு 21 அங்குல டியூபை எப்போதும் வண்டியிலேயே கட்டி வையுங்கள். அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு மெதுவாக ஊர் வந்துவிடலாம்; 18 அங்குல டியூபை முன்னால் போட முடியாது. இரண்டு லீவர், ஒரு சின்ன பம்பு, அச்சுக்குப் பொருந்தும் ஸ்பேனர். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் பஞ்சர் சின்னாறு காட்டுக்குள் வந்தால் அங்கே பாடம் படிக்க நேரம் இருக்காது.

யானையைச் சொல்கிறேன். மூணாறு, மறையூர் பக்கம் சுற்றும் படையப்பாவை எல்லாருக்கும் தெரியும். சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அவன் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றான். பாலக்காட்டிலும் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. தோணிப் பக்கம் ஊரை மிரட்டிய கொம்பனை அதே ஆண்டு ஜனவரியில்தான் பிடித்தார்கள். எந்த வண்டி வாங்கினாலும் இருட்டும் முன் காட்டைத் தாண்டிவிட வேண்டும். வளைவில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் ஒரு பஸ்ஸோ லாரியோ வரும்வரை பொறுத்திருங்கள். ஹாரன் வேண்டாம், என்ஜினை முறுக்குவது வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். இருபத்தாறு குதிரை இருக்கிறதே, ஓடிவிடலாம் என்று நினைப்பவர் அந்த ரோட்டில் வண்டியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

திருப்புவது என்றதும் உயரம் ஞாபகம் வருகிறது. இரண்டின் சீட்டும் பேப்பரில் கிட்டத்தட்ட ஒரே உயரம்: 825, 835 மில்லிமீட்டர். ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பவர் இரண்டையும் பார்த்துப் பயப்படுவார். சீட்டின் அகலத்தைப் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் இடுப்பில் ஒல்லி, கால் நேராகக் கீழே இறங்கும்; உட்கார்ந்தால் பின்பக்கமும் இன்னும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். வி-ஸ்ட்ரோமின் டேங்கும் சீட்டும் அகலம், அதனால் தொடை விரிந்து கால் எட்டாததுபோல இருக்கும். ஆனால் நீண்ட தூரத்துக்கு அந்த அகலம்தான் சுகம். எக்ஸ்பல்ஸ் சீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் பொள்ளாச்சியில் இளநீர் குடிக்க ஒரு காரணம் தானாகக் கிடைக்கும். ஷோரூமில் சமதரையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரோட்டோரச் சரிவில் நிறுத்தி, பள்ளமான பக்கம் காலை ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு யூ-டர்ன் அடியுங்கள். அதற்கு ஷோரூம்காரர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கண்டுபிடியுங்கள்.

பிரேக்கில் இரண்டுக்கும் குணம் வேறு. வி-ஸ்ட்ரோமுக்கு இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ், அணைக்க முடியாது. எக்ஸ்பல்ஸுக்கு முன்சக்கரத்துக்கு மட்டும். 2023 முதல் வந்த வண்டிகளில் ரோடு, ஆஃப்-ரோடு, ராலி என்று மூன்று நிலை, கடைசியில் ஏபிஎஸ் முழுவதும் அணைந்துவிடும். இடவப்பாதி மழையில், தார் மேல் தேயிலைச் சருகும் சேறும் கலந்து கிடக்கும் தேவிகுளம் ரோட்டில், எனக்கு மச்சானுடைய வண்டிதான் வேண்டும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வாலை ஆட்டாது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். அதே வி-ஸ்ட்ரோம் சரளைக்கல் இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தால், ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடித்து, நாம் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். அங்கே முதல் கியரில் போட்டு, என்ஜின் பிடிப்பிலேயே இறங்குவதுதான் வழி. முதல் நாளே இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதக் காற்றைச் சொல்லாமல் பாலக்காட்டுக்காரன் பைக் பற்றி எழுத முடியாது. வாளையார் மலைக்கும் நெல்லியாம்பதி மலைக்கும் நடுவில் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மலைத்தொடரே இல்லை. மேற்கிலிருந்து வரும் காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் பிதுங்கி வெளியே வருகிறது. அம்மியே பறக்கும் என்கிற காற்று. உயரமாக, லேசாக, முன்மட்கார்டைத் தூக்கி வைத்திருக்கும் எக்ஸ்பல்ஸ் என்ன செய்யும்? பக்கக் காற்றில் ஒரு முழம் நகர்ந்து போகும். அறுபதுக்கு இறக்கி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் உடம்பை மட்டும் காற்றுப் பக்கம் சாய்த்தால் சமாளிக்கலாம். முன்கண்ணாடியும் அகன்ற டேங்கும் இருப்பதால் வி-ஸ்ட்ரோம் இதில் கொஞ்சம் நிதானம்.

இனி பணம். எல்லையில் இருப்பவர்களுக்கு இதில்தான் சுவாரசியமே. பெட்ரோல் தமிழ்நாட்டில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. கேரளம் 2023 ஏப்ரலில் இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி வேறு போட்டது. அதனால் பொள்ளாச்சிப் பக்கம் போகிற எவரும் டேங்கை அங்கேயே நிரப்புவார். எக்ஸ்பல்ஸில் 13 லிட்டர், வி-ஸ்ட்ரோமில் 12. எங்கள் ஓட்டத்தில் எக்ஸ்பல்ஸ் நாற்பதை ஒட்டியும், வி-ஸ்ட்ரோம் முப்பத்தைந்தை ஒட்டியும் கொடுக்கின்றன. உடுமலை தாண்டினால் காட்டுக்குள் பங்க் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரிய தொகை சாலை வரியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் மாற்றியபின், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீதம். கேரளத்தில் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதத்துக்கு மேல் எகிறிவிடும். வி-ஸ்ட்ரோம் 2022 ஏப்ரலில் 2.11 லட்சத்துக்கு வந்த வண்டி. அதனால் கேரளப் பதிவில் அது எக்ஸ்பல்ஸைவிட எக்கச்சக்கமாக விலை கூடியது. மச்சான் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பல நாள் தூங்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், வி-ஸ்ட்ரோம் இரண்டு லட்சக் கோட்டுக்கு அடியில் இறங்கியது. ஆகவே பழைய பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். விலை, வரி, இன்ஷூரன்ஸ், 'இதர செலவு' என்று தனித்தனியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். அந்த 'இதர செலவு' என்ற வரியில் விரலை வைத்து என்னவென்று கேளுங்கள். பல நேரம் அது அங்கேயே சுருங்கும்.

பொள்ளாச்சியில் சித்தப்பா வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாம் என்ற யோசனை இங்கே எல்லாருக்கும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியே ஆக வேண்டும். தினமும் பாலக்காடு போகிற வண்டிக்கு இந்த விளையாட்டு சரிப்படாது.

பராமரிப்பில் ஹீரோவுக்குப் பெரிய பலம் உண்டு: சின்ன ஊரிலும் அதன் வண்டியைத் தொட்ட கை ஒன்று இருக்கும், பாகமும் மலிவு. கிளட்ச் கேபிள், பிரேக் லீவர் மாதிரி சில்லறைச் சாமானுக்கு எக்ஸ்பல்ஸ்காரர் அதிகம் அலைய வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்கள் சுசுகி வாங்கும் முன், அதன் சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், சனிக்கிழமை திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸில் ஸ்போக் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு ஸ்பேனரால் தட்டிக் கேட்க வேண்டும். ஒரே சுருதியில் சத்தம் வராத கம்பி தளர்ந்த கம்பி. இரண்டுக்குமே மழைக்காலத்தில் செயினைக் கழுவி எண்ணெய் விடுவது கட்டாயம்.

எக்ஸ்பல்ஸ் 210 என்று தண்ணீரில் குளிரும் என்ஜினோடு, ஆறு கியரோடு, 24.6 குதிரைத்திறனில் 2025-இல் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் பழைய எக்ஸ்பல்ஸ் மேல் நான் சொன்ன குறையில் பாதியை அது தீர்க்கலாம். நான் அதை மலையில் ஓட்டவில்லை, எனவே அதற்கு மேல் பேசவில்லை.

இப்போது யாராவது என்னிடம் நேராகக் கேட்டால் என் பதில் இது. நெல்லியாம்பதி, அட்டப்பாடி, மூணாறு, வட்டவடை என்று சுற்றும் ஆசை, அதோடு தினசரி ஆபீஸ், பின்னால் ஒரு ஆள் என்றால் வி-ஸ்ட்ரோம் எடுங்கள். இந்த ஊர்களுக்கெல்லாம் இன்று தார் ரோடு இருக்கிறது. மூணாறிலிருந்து போடிமெட்டுக்கு அகலப்படுத்திய தேசிய நெடுஞ்சாலையே 2024-இல் திறந்துவிட்டது. மழையில் ஒரு பக்கம் மண் சரிந்தாலும் அதைத் தாண்ட 19 அங்குலச் சக்கரம் போதும். இந்தப் பக்கத்தில் உயரமான வண்டி தேடும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். எக்ஸ்பல்ஸ் வைத்திருக்கிறவன் சொல்கிறேன் என்பதால் நம்பலாம்.

மீதி இரண்டு பேர், ஏலத்தோட்டத்திலோ பூண்டுக் காட்டிலோ வேலை இருப்பவர்கள், தார் முடிந்த பிறகும் வாராவாரம் போக வேண்டியவர்கள், பெரும்பாலும் தனியாகப் போகிறவர்கள். அவர்கள் எக்ஸ்பல்ஸைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமரா பின்னால் இருப்பவரின் தலையையும் பார்க்கிறது. கூடவே அந்த 21 அங்குல டியூபையும்.